தண்ணீர் போகும் வழி, வெயில் விழும் கூரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இரண்டு நிலங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒன்று, கோமுகியும் மணிமுக்தாவும் பாய்கிற சமவெளி. நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகிற பூமி. மற்றொன்று கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் 2,000 அடியிலிருந்து 3,000 அடிக்கும் மேலாக எழுந்து, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று பிரிந்து நிற்பது. அடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் ஒரு வெயில், மலைமேல் வெள்ளிமலையில் வேறொரு வெயில். மண் வேறு, காற்று வேறு, மழைநீர் ஓடுகிற வேகம் வேறு. ஆனால் இந்த இரண்டு இடங்களிலும் இன்று எழும்புகிற வீடு ஒன்றேதான்: பெட்டி போல நாலு சுவர், மேலே தட்டையான கான்கிரீட் தளம், ஒன்றரை அடி சன்ஷேடு, கையில் காசு இருந்தால் முகப்பில் டைல்ஸ். இயற்கைக்கு ஏற்ற வீடு வேண்டும் என்று நினைக்கிறவர்களும் பெரும்பாலும் சுவரைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். மண்சுவரா, செங்கல்லா, ஃப்ளை ஆஷ் கல்லா, பூச வேண்டுமா, விட்டுவிடலாமா என்று. சுவர் முக்கியம்தான். ஆனால் இந்த மாவட்டத்தில் ஒரு கட்டடம் தன் இடத்துக்குப் பொருந்துமா பொருந்தாதா என்பதைச் சுவருக்குக் கீழேயும் மேலேயும் உள்ள இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. மனையில் மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பது ஒன்று. கூரை வெயிலை என்ன செய்கிறது என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் சரியாக முடிவு செய்துவிட்டால், சுவரில் செய்கிற தவறு ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடியது. இவற்றில் தவறினால் எத்தனை நல்ல சுவரும் காப்பாற்றாது.

முதலில் தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் உள்மாவட்டங்களுக்குள் மெல்ல நகர்ந்தது. கல்வராயன் மலைக்கு வடமேற்கில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. மலைக்குக் கிழக்கே, விழுப்புரம் மாவட்டத்து மயிலத்திலும் ஏறக்குறைய அதே அளவு. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்ததில் 7 பேர் இறந்தார்கள். நம் மலையைச் சுற்றியே இத்தனையும் நடந்தது. ஆகவே 50 செ.மீ. என்பதை வேறெங்கோ விழுகிற மழையாகக் கருத முடியாது. வீட்டளவில் அதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 360 சதுர அடிக் கூரையில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 334 லிட்டர் தண்ணீர். 50 செ.மீ. என்றால் 16,700 லிட்டர். வாரியும் குழாயும் இல்லாத கூரையிலிருந்து இத்தனை தண்ணீரும் சுவரோரமாக, கடைக்காலுக்குப் பக்கத்திலேயே விழுகிறது. இதோடு மனைக்கு மேலே உள்ள சரிவு முழுவதிலிருந்தும் இறங்கி வருகிற தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சமவெளியில் அந்தத் தண்ணீர் தேங்கும். மலையில் அது மண்ணை எடுத்துக்கொண்டு போகும்.

மலையில் வீடு கட்ட இப்போது முதலில் வருவது ஜேசிபி. சரிவின் மேல்பக்கத்தைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளிச் சமப்படுத்திவிட்டால் சமவெளி வரைபடத்தை அப்படியே அதில் வைத்துவிடலாம். இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. வெட்டிய பக்கத்தில், மேலே உள்ள மண்ணுக்கு இருந்த முட்டு போய்விடுகிறது. தள்ளிய பக்கத்தில் மண் இறுகாமல் கிடக்கிறது. வீட்டின் பாதி கெட்டி மண்ணிலும் பாதி தளர்ந்த மண்ணிலும் உட்கார்ந்தால், தளர்ந்த பாதி மட்டும் மழைக்கு மழை இறங்கும். நடுச்சுவரில் சாய்வாக ஓடுகிற விரிசலுக்குப் பல இடங்களில் இதுதான் காரணம். கொத்தனாரின் கலவையில் குறை இருக்காது. வெட்டுவதைக் குறைக்க ஒரு எளிய வழி இருக்கிறது. வீட்டைச் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டம் ஓடுகிற திசையில் நீட்டி வைப்பது. ஐந்து அடிக்கு ஓர் அடி இறங்குகிற சரிவை எடுத்துக்கொள்வோம். அதே 360 சதுர அடியை 20-க்கு 18 என்று கட்டி, 18 அடியைச் சரிவின் இறக்கத்தில் வைத்தால் முன்னுக்கும் பின்னுக்கும் 3.6 அடி உயர வித்தியாசம் வரும். தளமாக வெட்ட 648 கன அடி, அதாவது ஆறரை யூனிட் மண் எடுக்க வேண்டும். 30-க்கு 12 என்று நீட்டி, 12 அடியை இறக்கத்தில் வைத்தால் வித்தியாசம் 2.4 அடிதான், மண் 432 கன அடி, நாலேகால் யூனிட்டுக்குச் சற்று மேல். வீட்டின் பரப்பு ஒரு சதுர அடிகூடக் குறையவில்லை. வெட்டு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அந்த 2.4 அடியையும் முழுக்க வெட்டாமல், கீழ்ப்பக்கப் பேஸ்மட்டத்தைக் கருங்கல்லில் உயர்த்தியோ, அறைகளுக்கு நடுவே இரண்டு படி வைத்தோ இன்னும் குறைக்கலாம்.

மனையின் மட்டத்தை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. தண்ணீர் நிரப்பிய டியூபை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, தண்ணீர் நிற்கிற உயரத்தைக் குச்சிகளில் குறித்துக்கொண்டே போனால் ஒரே மட்டத்தில் உள்ள புள்ளிகள் வரிசையாகக் கிடைக்கும். சுண்ணாம்புத் தூளால் அவற்றை இணைத்தால் வீடு எந்தத் திசையில் படுக்க வேண்டும் என்பது தரையிலேயே தெரியும். பிறகு மனைக்கு மேலே ஏறிப் பார்க்க வேண்டும். மரங்களின் அடிப்பகுதி கீழ்நோக்கிச் சாய்ந்து பிறகு நிமிர்ந்து வளைந்திருக்கிறதா? அப்படியானால் அங்கே மண் மெல்ல நகர்கிறது. பிறை வடிவத்தில் தரை வெடித்திருக்கிறதா, கோடையிலும் ஒரு திட்டில் மட்டும் பச்சைப் புல் நிற்கிறதா, உருண்டைப் பாறைகள் மண்ணில் பாதி புதைந்து தொங்குகின்றனவா என்பதையெல்லாம் கவனிக்க வேண்டும். பச்சைத் திட்டு என்றால் அடியில் ஊற்று இருக்கிறது. அதன்மேல் கடைக்கால் போடக் கூடாது. வறண்டு கிடக்கும் ஓடைத்தடத்தை மனையோடு சேர்த்துக்கொள்ளவே கூடாது. பத்து வருடம் தண்ணீர் வராத ஓடை பதினோராவது வருடம் வரும். வீட்டுக்கு மேல்பக்கம் சில அடி தள்ளி, சரிவுக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் எடுத்து, கல் பதித்து, இயற்கையான ஓடையில் கொண்டுபோய் விட வேண்டும். கீழ்வீட்டுக்காரரின் முற்றத்தில் விட்டால் நம் ஆபத்து அவர் தலையில் விழும். வாய்க்கால் கரையில் வெட்டிவேர் நட்டால் அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தடுப்புச் சுவர் கட்டினால் தண்ணீர் வடிய அதில் துளைகள் விட வேண்டும், துளைகளுக்குப் பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும். துளையில்லாத தடுப்புச் சுவர் மண்ணோடு தண்ணீரின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறது; சரிந்து விழும் பல சுவர்கள் அந்தப் பாரத்தால்தான் விழுகின்றன.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். மனையைத் தேர்ந்தெடுக்கிற வசதி மலைவாசிகளுக்கு எங்கே இருக்கிறது? சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய ஜாகீர்தார்களின் கையில் இருந்த இந்த மலை 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. பட்டா, வனநிலம் பற்றிய சிக்கல்கள் அதற்குப் பிறகும் நீண்டன. கிடைத்த மூன்று சென்ட்டில் கட்டுகிறவரிடம் பாறையையும் மரத்தையும் பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள் என்று சொல்வது அவருடைய நிலைமையை அறியாத பேச்சாகிவிடும். ஆனால் மூன்று சென்ட்டுக்குள்ளும் வீட்டின் நீளம் எந்தப் பக்கம், பேஸ்மட்டம் எவ்வளவு உயரம், வாய்க்கால் எங்கே என்கிற மூன்றும் கட்டுகிறவர் கையில்தான் இருக்கின்றன. மனை தேர்ந்தெடுக்கிற வசதியுள்ளவர்கள், குறிப்பாகச் சுற்றுலாவை நம்பி மலையில் விடுதி கட்ட வருகிறவர்கள், இன்னும் கடுமையான விதிகளுக்குத் தங்களை உட்படுத்திக்கொள்ள வேண்டும். காட்சி நன்றாகத் தெரிகிறது என்பதற்காகச் செங்குத்தான விளிம்பை வெட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பெரிய கட்டடத்தையும் வெட்டாமல் கட்டலாம் என்பதற்கு இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1994-இல் திறக்கப்பட்ட கந்தலமை ஓட்டல் சான்று. பாறைச் சரிவை ஒட்டி நீளமாக, குறுகலாக, தூண்களின் மேல் நிற்கிறது அது. பாறையில் வழிகிற மழைநீர் கட்டடத்துக்கு அடியில் புகுந்து போய்விடுகிறது. அத்தனை செலவு நமக்கு வேண்டாம். தண்ணீரின் வழியில் நிற்காதே என்கிற அந்த ஒழுங்கு மட்டும் போதும்.

இனி வெயில். வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும், அப்போதுதான் நீண்ட சுவர்கள் தெற்கும் வடக்கும் பார்க்கும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. சமவெளியில் அது மிகச் சரி. மலையிலோ கச்சிராயபாளையத்தை நோக்கி இறங்குகிற சரிவுகள் பெரும்பாலும் கிழக்கு பார்த்தவை. அங்கே சமமட்டத்தில் வீட்டை நீட்டினால் நீண்ட சுவர்கள் கிழக்கிலும் மேற்கிலும் வந்துவிடும். இரண்டு விதிகளும் மோதுகிற இடம் இது. என் தீர்ப்பு, மலையில் சரிவுக்கு முதலிடம், சமவெளியில் சூரியனுக்கு முதலிடம். மலையில் வெப்பம் சமவெளியைவிட ஏறத்தாழ 5 டிகிரி குறைவு. மேற்கு வெயிலைத் தாழ்வாரத்தால் தடுத்துவிடலாம். சரிந்த மண்ணைத் தாழ்வாரத்தால் தடுக்க முடியாது.

சூரியனின் போக்கைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் நம் சன்ஷேடுகள் அதைப் பார்க்காமல் போடப்பட்டவை. கள்ளக்குறிச்சி ஏறக்குறைய 11.7 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 22-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. இடைப்பட்ட நான்கு மாதமும், அக்னி நட்சத்திரம் உட்பட, அது வடக்கே சற்று சாய்ந்திருக்கிறது. ஜூன் 21 அன்று நண்பகலில் அதன் உயரம் 78 டிகிரி. வடக்குச் சன்னலுக்கு ஓர் அடி சன்ஷேடு இருந்தால் நாலடிச் சன்னல் முழுவதும் நிழலில் நிற்கும். டிசம்பர் 21-இல் தெற்கே 55 டிகிரி உயரத்துக்கு இறங்குகிறது. அப்போது தெற்குச் சன்னலை முழுக்க மறைக்க ஏறக்குறைய மூன்றடி நீட்டம் தேவை. மலையில் அந்த மாதத்து வெயிலை மறைக்கவே வேண்டாம், மார்கழிக் குளிருக்கு அது உள்ளே வரட்டும். சிக்கல் மேற்கில்தான். மே மாதம் மாலை நாலு மணிக்குச் சூரியன் 32 டிகிரி உயரத்தில் இருக்கும். இரண்டடி சன்ஷேடு போட்டாலும் சன்னலின் மேல் ஒன்றேகால் அடிக்குத்தான் நிழல் விழும். மீதி அப்படியே வெயிலில். மேற்குப் பக்கத்தில் சன்ஷேடு என்பது ஏறக்குறைய வீண்செலவு. அங்கே தாழ்வாரம், புங்கமரம், கொடிப்பந்தல், அல்லது சன்னலே இல்லாத சமையலறைச் சுவர் ஆகியவைதான் பயன்படும்.

இந்தக் கணக்கிலிருந்து வருகிற பெரிய முடிவு கூரையைப் பற்றியது. வருடத்தின் வெப்பமான மாதங்களில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே நிற்கிறது என்றால், ஒற்றைத் தள வீட்டில் மற்ற எந்தப் பக்கத்தையும்விடக் கூரைதான் அதிக வெயிலை வாங்குகிறது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் அந்தச் சூட்டைப் பகலெல்லாம் குடித்துச் சில மணி நேரம் கழித்து உள்ளே விடுகிறது. மாலையில் காற்று ஆறிய பிறகும் அறைக்குள் அனல் இறங்குவதும், சமவெளி ஊர்களில் குடும்பமே வாசலில் பாய் போட்டுப் படுப்பதும் இதனால்தான். மதராஸ் டெரஸ் என்று அழைக்கப்பட்ட பழைய மாடித் தளத்தில் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல், அதன்மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லி, அதன்மேல் தட்டோடு என்று அடுக்குகள் இருந்தன. அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சூட்டைத் தாமதப்படுத்தின. கான்கிரீட் வந்தபோது அந்த அடுக்குகளில் மேலே இருந்தவற்றையாவது வைத்துக்கொண்டோம்; இப்போது செலவைக் குறைக்கிறோம் என்று அவற்றையும் விட்டுவிட்டு வெறும் தளத்தோடு நின்றுவிடுகிறோம். முகப்பு டைல்ஸுக்கான பணத்தை எடுத்துத் தளத்தின் மேல் சுண்ணாம்பு ஜல்லியும் வெள்ளை ஓடும் பதிப்பது சமவெளியில் செய்யக்கூடிய மிகச் சிறந்த ஒற்றை மாற்றம். அதுவும் முடியாதவர்கள் கோடைக்கு முன் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்கலாம். அதைவிடச் சிறந்தது தளத்துக்கு மேலே காற்று புகும் இடைவெளி விட்டு இரண்டாவது கூரை போடுவது: கீற்றுப்பந்தல், ஓடு, தகரம் எதுவானாலும் வெயில் முதலில் அதன்மேல் விழ வேண்டும், கான்கிரீட்டின் மேல் விழக் கூடாது.

மலையில் கூரையின் வேலை வேறு. அங்கே அது முதலில் மழைக்கும் பனிக்கும் பதில் சொல்ல வேண்டும். மலையாளிப் பழங்குடிகளின் பழைய வீடுகள், மூங்கில் தட்டியில் மண் பூசி, புல் வேய்ந்து, கூரையைத் தாழ இறக்கியவை. தாழ்ந்த இறவாணம் சாரலிலிருந்து மண்சுவரைக் காத்தது. தடித்த புல் பகல் சூட்டையும் இரவுக் குளிரையும் ஒருசேரத் தடுத்தது. இதைப் பார்த்துவிட்டுப் பழைய குடிசைக்கே திரும்ப வேண்டும் என்று சொல்கிறவர்கள் அந்தக் குடிசையில் வாழ வேண்டியதில்லாதவர்கள். புல் கூரை தீப்பிடிக்கும். அடிக்கடி மாற்றி வேய வேண்டும். பாம்பும் தேளும் தங்கும். கான்கிரீட் வீடு கிடைத்த பெண்களின் நிம்மதி உண்மையானது, அதை மதிக்காமல் எந்த வழிகாட்டியும் எழுதக் கூடாது. குடிசையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை சாய்வு, நீண்ட இறவாணம், தடிமன் ஆகிய மூன்று குணங்கள். அந்த மூன்றையும் உறுதியான பொருளில் கட்டலாம்.

ஓடு போடலாம் என்றால், குரங்கு உடைத்துவிடும், ஓட்டை மாற்ற ஆள் கிடைக்காது என்று உடனே பதில் வருகிறது. சரியான பதில்தான். பாவா இதே சிக்கலை இலங்கையின் மழையில் எதிர்கொண்டார். நெளிவு ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடுகளைக் கீழே பரப்பி, அவற்றின் பள்ளங்களில் நாட்டு ஓடுகளைப் பதித்தார். மழையைத் தகடு தடுக்கிறது. வெயிலை ஓடு தாங்குகிறது. ஓர் ஓடு உடைந்தாலும் வீடு ஒழுகாது. நாம் ஆஸ்பெஸ்டாஸை விட்டுவிட்டுத் துத்தநாகம் பூசிய தகட்டில் அதையே செய்யலாம். மழை தகரத்தில் அடிக்கிற இரைச்சலும் ஓட்டினால் அடங்கிவிடும்.

அடுத்த மறுப்பு பலமானது: அரசுத் திட்டத்தில் கட்டுகிறவருக்கு இதிலெல்லாம் என்ன சுதந்திரம்? 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய்; 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் இருக்க வேண்டும், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். கட்டுப்பாடு இருப்பது உண்மை. ஆனால் அந்த 60 சதுர அடி சிறிய விஷயம் அன்று. பத்தடி நீளம், ஆறடி அகலத்தில் ஓட்டுத் தாழ்வாரமாக அதை மேற்குப் பக்கம் வைத்தால் மாலை வெயிலின் பெரும்பகுதி அந்த நீளத்துக்குச் சுவரைத் தொடாது. வசதியாக இருக்கிறது என்று பலர் அதைத் தெருவைப் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள்; தெரு கிழக்கே இருந்தால் அதன் பலன் பாதிக்கு மேல் போய்விடுகிறது. அதேபோல 300 சதுர அடித் தளத்துக்குச் சுவரைத் தாண்டி இரண்டடி நீட்டம் கொடுப்பதும், தண்ணீரைக் குழாயில் இறக்குவதும் மனைக்கேற்பச் செய்யக்கூடியவைதாம். வேலை தொடங்குமுன் ஒன்றியப் பொறியாளரிடம் டியூப் மட்டத்தில் எடுத்த அளவுகளைக் காட்டிப் பேசினால், வரைபடத்தை எந்த அளவுக்குத் திருப்பி வைக்கலாம் என்பது தெளிவாகிவிடும். வெறும் விருப்பத்தைவிட அளவுக்கு அங்கே மரியாதை அதிகம்.

பிள்ளைகள் பின்னால் மாடி எடுப்பார்களே, சாய்வுக் கூரை போட்டால் அது முடியாதே என்பது சமவெளியில் அடிக்கடி கேட்கிற கேள்வி. சமவெளிக்கு நான் சொல்வது தட்டைத் தளமும் அதன்மேல் கழற்றக்கூடிய இரண்டாவது கூரையும். மாடி எடுக்கும் நாளில் அந்தக் கூரையை அவிழ்த்து மேலே ஏற்றிக்கொள்ளலாம். மலைச்சரிவிலோ மாடியையே தவிர்ப்பது நல்லது; குடும்பம் பெருகினால் சமமட்டத்தில் பக்கவாட்டில் இன்னோர் அறை சேர்ப்பது மண்ணுக்குப் பாரம் குறைந்த வழி.

சுவரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விடுகிற ரேட் ட்ராப் கட்டு முறையைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பினார். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், வெற்றிடம் சூட்டையும் குறைக்கிறது. அதற்கு முன் பேக்கர் பதினாறு வருடம் இமயமலையில் பிதோரகரில் வாழ்ந்து அங்குள்ள கிராமத்து வீடுகளைப் படித்தவர். கேரளத்துக்கு வந்தபோது அந்தக் கல்வீடுகளைத் தூக்கிக்கொண்டு வரவில்லை, பார்க்கிற பழக்கத்தைக் கொண்டுவந்தார். நமக்குப் பக்கத்திலேயே ஆரோவில் மண் நிறுவனம் 1989 முதல் ஏறக்குறைய 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்து அழுத்திய மண்கற்களில் கட்டியும் கற்றுக்கொடுத்தும் வருகிறது. கடைக்காலுக்குத் தோண்டிய செம்மண்ணே சுவராகலாம். ஆனால் உள்ளூர்ப் பொருள் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. ஓடையிலிருந்து அள்ளிய மணலும், வனத்தில் வெட்டிய மூங்கிலும், சரிவின் காலைத் தோண்டி எடுத்த கல்லும் உள்ளூர்ப் பொருள்கள்தான். அவற்றால் கட்டிய வீடு பார்வைக்கு மலையோடு பொருந்தும், ஆனால் அதே மலையை அரித்திருக்கும். கருங்கல்லும் மண்கல்லும் அனுமதியுள்ள இடத்திலிருந்து, குறைந்த தூரத்திலிருந்து வரட்டும்.

காலத்தையும் திட்டமிட வேண்டும். மனையைப் பார்க்க நல்ல மாதம் ஐப்பசி. தண்ணீர் தன் வழியைத் தானே காட்டும். கடைக்காலுக்கு வானம் தோண்ட நல்ல மாதம் தை. மேல்வாய்க்காலைக் கடைக்காலுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், வீடு முடிந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் அது நடப்பதில்லை. கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் இரண்டாவது கூரைக்கான கொக்கிகளையும் போல்ட்டுகளையும் கைப்பிடிச் சுவர் வரும் ஓரங்களில், ஆறடிக்கு ஒன்றாகக் கம்பியோடு கட்டி நிறுத்தச் சொல்லுங்கள். பந்தலுக்கான பணம் அடுத்த வருடம்தான் வரும் என்றாலும் கொக்கி இப்போதே இருக்க வேண்டும். பின்னால் தளத்தில் துளை போட்டால் அந்தத் துளை வழியாகத்தான் வீடு ஒழுகத் தொடங்கும்.